ஊரெல்லாம் ஒரே காது

“எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா. என் மாப்பிள்ளை ஒருத்தரா, ரெண்டு பேரா?”

கேட்டுவிட்டு, வழுக்கைத் தலையில் பூத்த வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டார் துரைராசு. மன்னார்குடியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். தஞ்சாவூர் கீழவாசலில் பாத்திரக் கடைக்கு மேல் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்குப் படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“ரெண்டு பேரா இருந்தா பந்தியில இன்னொரு இலை போடணும் ஐயா. சமையக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க” என்றான் அப்சர்.

துப்பறியும் அனுராதா தன் உதவியாளனை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடு என்று அர்த்தம். அந்தப் பார்வை அப்சரிடம் என்றைக்குமே நெடுநேரம் வேலை செய்ததில்லை.

“விவரமா சொல்லுங்க ஐயா.”

துரைராசு மேஜையில் தன் போனை வைத்தார். பக்கத்தில் ஒரு வழவழப்பான தாளை விரித்தார்.

போனில், திருமண வெப்சைட்டில் வந்த படம். பெயர் வளவன். சாஃப்ட்வேர் இன்ஜினியர், கனடா. நீலக் கோட்டு, அடக்கமான சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் மலை மலையாகப் பனி. ஆள் நல்ல மாநிறம்.

தாளில், நாளை நடக்கப்போகும் நிச்சயதார்த்தத்துக்கான ஃபிளெக்ஸின் மாதிரி. அதே வளவன், அதே கோட்டு, அதே பனி. ஆனால் முகம் மட்டும் பாலில் முக்கி எடுத்ததுபோல் வெளுத்திருந்தது.

“இவரு மாநிறம். இவரு வெண்ணெய். ஒரே ஆளு எப்படிம்மா ரெண்டு நிறத்துல இருப்பாரு? அண்ணனைக் காட்டிட்டுத் தம்பியைக் கட்டிவைக்கப் பாக்கறாங்களா?”

“நேர்ல பாத்தீங்களா?”

“எங்கேம்மா! பிளேன் இன்னைக்கு ராத்திரிதான் திருச்சியில இறங்குது. போன்லதான் பேச்சு. பேசறப்பல்லாம் பின்னாடி ஹோன்னு தண்ணி கொட்டுற சத்தம். நயாகரா பக்கத்துல வீடாம்.”

“வீடியோவுல பேசலையா?”

“அங்க இருக்கிற குளிர்ல கேமரா உறைஞ்சிடுமாமே. செந்தாமரை சொன்னா.”

“செந்தாமரை?”

“என் பொண்ணு. அவதான் மாப்பிள்ளையோட அம்மாகிட்ட எல்லாம் பேசி முடிச்சா. இந்த வரனை வெப்சைட்ல தேடிப் புடிச்சதே அவதான். கெட்டிக்காரி!”

அப்சர் இருமினான். அந்த இருமலுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது.

துரைராசு குரலைத் தாழ்த்தினார். “சாயந்தரம் மில் வாசல்ல இருபதடி ஃபிளெக்ஸ் ஏறப்போவுது. ஏறிட்டா இறக்க முடியாதும்மா. மாப்பிள்ளை படத்தை ஏத்தி இறக்கின வீடுன்னு பேராயிடும். அப்புறம் என் பொண்ணுக்கு எந்த ஊர்லேருந்து வரன் வரும்? ஏத்துறதுக்கு முன்னாடி சொல்லுங்க. துளி சந்தேகம் இருந்தாலும் எல்லாத்தையும் நிறுத்திடறேன்.”

அனுராதா போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மோவாய்க்கு அடியில் நின்றாள். இடது காதுக்குப் போனாள். பிறகு ஃபிளெக்ஸ் மாதிரியின் மூலையைப் பார்த்தாள். அங்கே, ‘அன்புடன் வரவேற்கும்’ என்ற வரிக்கு மேல், அடர்ந்த சுருட்டை முடியோடு துரைராசு சிரித்துக்கொண்டிருந்தார்.

“இது நீங்களா ஐயா?” என்றான் அப்சர், சுருட்டை முடியையும் எதிரில் இருந்த வழுக்கையையும் மாறி மாறிப் பார்த்து. “அப்ப நீங்களும் ரெண்டு பேரா?”

“அது… பழைய படம் தம்பி.”

மாப்பிள்ளை படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்ட அனுராதா, சிரிப்பை அடக்கியபடி மாதிரித் தாளோடு எழுந்தாள். “நீங்க மில்லுக்குப் போங்க ஐயா. நான் சொல்றவரைக்கும் ஃபிளெக்ஸ் தரையிலயே இருக்கட்டும்.”

* * *

அப்சரின் ஸ்கூட்டர் மன்னார்குடி சாலையில் பறந்தது. ஆவணி வெயில். வடுவூரைத் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் சம்பா நாற்றங்கால்கள் கிளிப்பச்சையில் மின்னின.

“நிறுத்து” என்றாள் அனுராதா. “இறங்கி அந்த வரப்புல நில்லு.”

“எதுக்கு மேடம்? எனக்கும் வரன் பாக்கறீங்களா?”

“சிரி.”

அப்சர் சிரித்தான். அனுராதா போனில் ஒரு படம் எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“அய்யய்யோ! மேடம், என் மோவாய்க்கு அடியில என்ன இது? பச்சையா பாசி புடிச்ச மாதிரி?”

“வெயில் நாத்து மேல பட்டு, அந்தப் பச்சை கீழேருந்து உன் மூஞ்சியில அடிக்குது. இப்ப கனடா மாப்பிள்ளையைப் பாரு.”

அப்சர் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் மலை மலையாகப் பனி. மோவாய்க்கு அடியில் மெல்லிய கிளிப்பச்சை.

“பனியில நின்னா கீழேருந்து வெள்ளை வெளிச்சம் வரணும்” என்றாள் அனுராதா. “இவரு நின்னது பனியில இல்ல. நாத்தங்கால்ல.”

“கனடா போறதுக்கு முன்னாடி எடுத்த பழைய படமா இருக்கலாமே?”

“பனி கொட்டுற ஊர்ல இருக்கறவன் வாசல்ல போய் நின்னு படம் எடுத்துக்குவான். பனி இல்லாதவன்தான் பனியை ஒட்டிக்குவான்.”

அப்சர் தலையைச் சொறிந்தான். “அப்ப இந்த நயாகரா?”

“அதையும் பாப்போம். முதல்ல காது.”

“காதா?”

“படத்துல இடது காதைப் பாரு. மடல்ல குத்தின ஓட்டை. அதுக்குக் கீழ கடுகு மாதிரி ஒரு மச்சம். இந்தக் காதைப் போன வாரம் மன்னார்குடியில நான் பாத்தேன்.”

“மாப்பிள்ளையைப் பாத்தீங்களா?”

“இல்ல. காதை மட்டும்.”

* * *

மன்னார்குடியில் நுழைந்ததும் அனுராதா சொன்னது அப்சருக்குப் புரிந்தது.

பந்தலடியில் ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ். குழந்தையின் தாய்மாமன் கழுத்து நிறையச் சங்கிலியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார். இடது காதில் ஓட்டை, கடுகு மச்சம்.

அடுத்த தெருவில் யாரோ ஒரு பிரமுகரின் பிறந்தநாள். அதே ஓட்டை. அதே மச்சம்.

முக்கில் ஒரு பரோட்டா கடை திறப்பு விழா. முதலாளி ஆட்டுக்கல் சைஸுக்கு இருந்தார். காது மட்டும் ஒல்லியாக, ஓட்டையோடும் மச்சத்தோடும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“மேடம், இது ஊரா, கூட்டுக் குடும்பமா? எல்லாருக்கும் ஒரே காது!”

“ஃபிளெக்ஸ் அடிச்ச பிரஸ் பேரைப் பாத்தியா? மூணும் வேற வேற பிரஸ்.”

கடைக்குள் கல்லில் நிஜ முதலாளி பரோட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அனுராதா விசாரித்தாள்.

“எந்த பிரஸ்ல குடுத்தாலும் மூஞ்சி வேலை பரணிகிட்டதாங்க போவும்” என்றார் அவர். “தஞ்சாவூர் பிரஸ்காரங்ககூட அவருக்குத்தான் அனுப்புவாங்க. கருப்பு, வெளுப்பு, மரு, தொப்பை, எல்லாத்தையும் சரி பண்ணிடுவாரு. பெரிய கோயில் கொளத்து மேல்கரையில மாடி.”

“உங்க படத்துல காது உங்களுதா?”

அவர் மாவுக் கையோடு தன் காதைத் தடவிப் பார்த்தார். “நான் காதே குத்திக்கலீங்களே” என்றார் திகைப்போடு.

* * *

குளத்தைப் பார்த்த மாடியறை. கம்ப்யூட்டர் முன்னால் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையில் ஓர் அம்மாளின் கன்னத்து மருவை அழித்துக்கொண்டிருந்தான். காலடி கேட்டதும் தலையைத் திருப்பினான்.

இடது காது வெளிச்சத்துக்கு வந்தது. ஓட்டை. கடுகு மச்சம்.

“மேடம்! ஒரிஜினல்!” என்று கத்தினான் அப்சர்.

பரணிதரன் திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

“பயப்படாதீங்க தம்பி” என்றாள் அனுராதா நாற்காலியை இழுத்துப் போட்டு. “உங்க காதை எதுக்கு ஊருக்கெல்லாம் ஒட்டி விடுறீங்க?”

“வேற என்னங்க பண்றது? எல்லாரும் செல்போன்ல எடுத்த படத்தைக் கொண்டாந்து குடுக்கறாங்க. ஒருத்தர் மஃப்ளர் கட்டியிருக்கார். ஒருத்தர் போனைக் காதுல வெச்சுகிட்டே போஸ் குடுக்கறார். மஃப்ளரை எடுன்னா எடுத்துடலாம். அடியில காது இருக்கணுமே! அடுத்தவன் காதை எடுத்து ஒட்டினா நாளைக்குச் சண்டைக்கு வருவான். என் காதை நான் யாருக்கு வேணா குடுக்கலாம் இல்லீங்களா?”

“தர்மப் பிரபு” என்றான் அப்சர்.

அனுராதா ஃபிளெக்ஸ் மாதிரியையும் போனையும் மேஜையில் வைத்தாள். “இந்த மாப்பிள்ளை ஏன் ரெண்டு நிறத்துல இருக்கார்?”

தொழிலைப் பற்றிக் கேட்டதும் பரணிதரனுக்குக் காதின் கவலை போய்விட்டது.

“போன்ல படம் வெளிச்சமா தெரியும். ஃபிளெக்ஸ்ல மை. மெஷின் எப்பவும் மூஞ்சியை ஒரு சுத்து கருப்பாக்கிடும். அதனால முன்னாடியே ஒரு சுத்து வெளுத்து அனுப்பணும். அந்த ஃபைலை வழவழத் தாள்ல மாதிரி அடிச்சா வெண்ணெய் மாதிரிதான் வரும். ஃபிளெக்ஸ்ல ஏறினதும் பாருங்க, ஆளு சரியா இருப்பாரு.”

“மோவாய்ப் பச்சை? ஃபிளெக்ஸ் மாதிரியில இல்ல. போன்ல இருக்கு.”

பரணிதரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “கவனிச்சுட்டீங்களா? வெப்சைட்டுக்குச் சின்னப் படம்தானே, யாரு மோவாய்க்கு அடியில குனிஞ்சு பாக்கப்போறான்னு விட்டுட்டேன். ஃபிளெக்ஸ்ல மோவாயே ஒரு முழம் வரும். பாசி மாதிரி தெரியும். சிவப்பை ஏத்தி எடுத்துட்டேன்.”

“இப்ப மூலப் படத்தைக் காட்டுங்க.”

“அது கஸ்டமர் ரகசியமுங்க.”

“பரோட்டா கடைக்காரருக்கு உங்க காது விஷயத்தை இப்பதான் சொல்லிட்டு வந்தோம்” என்றான் அப்சர். “மாவுக் கையோட இருந்தாரு. கையைக் கழுவிட்டு வந்தாலும் வருவாரு.”

பரணிதரன் மௌஸைத் தட்டினான்.

திரையில் பனி கரைந்தது. கோட்டு மறைந்தது. நாற்றங்கால் நடுவில், சேறு தெறித்த சட்டையோடு, காதுகளை மூடிக் கட்டிய முண்டாசோடு, வளவன் சிரித்துக்கொண்டு நின்றான்.

“பனி போடச் சொன்னது யாரு?”

“அதை மட்டும் கேக்காதீங்க. பக்கத்துலயே உக்காந்து, ‘அண்ணே, பத்தாது, இன்னும் பனி போடுங்க. பாத்தா உடம்பு நடுங்கணும்’னு…”

அப்போது படியில் தடதடவென்று சத்தம். கதவு திறக்கும் முன்பே பேச்சு உள்ளே வந்துவிட்டது.

“பரணி அண்ணே! குடி கெட்டுது! ரெண்டு வளவனும் ஒரே கலர்ல இல்லேன்னு எங்கப்பா தஞ்சாவூருக்கு டிடெக்டிவைத் தேடிப் போயிட்டாரு. சீக்கிரம் மாத்திக் குடுங்க…”

உள்ளே வந்த பெண் மூன்று முகங்களையும் பார்த்தாள். வாய் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

“வாங்க செந்தாமரை” என்றாள் அனுராதா. “அந்த டிடெக்டிவ் நான்தான்.”

* * *

செந்தாமரை அழவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் படபடவென்று கொட்டினாள்.

“அவரு வலங்கைமான்ல குத்தகைக்கு நிலம் புடிச்சு விதைநெல் போடறாரு. விவசாயம் படிச்சவரு. நல்லவரு. ஆனா விவசாயின்னு சொன்னா எங்கப்பா படத்தைத் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. அதான் கனடா.”

“வளவனுக்கு இது தெரியுமா?”

“தெரியாது. அப்பா சம்மதிச்சுட்டார்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்.”

“திருச்சியில இறங்குற பிளேன்?” என்றான் அப்சர்.

“வலங்கைமான்லேருந்து பைக்ல வருவாரு.”

“நாளைக்கு வந்து நின்னதும் குட்டு உடைஞ்சிடுமே?”

“உடையட்டும். ஃபிளெக்ஸ் ஏறிட்டா அப்பா பின்வாங்கமாட்டாரு. அவருக்குப் பேருதான் பெருசு.” அனுராதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, இன்னைக்கு ஒருநாள் வாயைத் தெறக்காதீங்க. இந்த வரன் போனா எனக்கு வேற வரன் வேணாம்.”

அனுராதா தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“என்னை நம்பி வந்தவர்கிட்ட நான் பொய் சொல்லமாட்டேன்மா. ஆனா உண்மையை எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்கிறதுங்கறது என் இஷ்டம்.”

* * *

மில்லில், நெல் காயவைக்கும் களத்தில் இருபதடி ஃபிளெக்ஸ் மல்லாந்து கிடந்தது. சவுக்குக் கம்புகளோடும் கயிறோடும் ஆட்கள் தயாராக நின்றார்கள்.

“ஒருத்தரா, ரெண்டு பேரா?” என்று ஓடி வந்தார் துரைராசு.

“ஒருத்தர்தான் ஐயா. நல்ல மாநிறம். மாதிரித் தாள்லதான் வெளுத்துத் தெரிஞ்சது. ஃபிளெக்ஸ்ல பாருங்க, சரியா இருக்கார்.”

“அப்பாடா! டேய், தூக்குங்கடா!”

ஓரமாக வந்து நின்ற செந்தாமரையின் முகம் மலர்ந்தது. கயிறு இறுகியது.

“மேடம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு. வாங்க, ஓடிடலாம்” என்று காதோரம் கிசுகிசுத்தான் அப்சர்.

“பொறுங்க!” என்றாள் அனுராதா. கம்புகள் பாதியில் நின்றன. “கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு ஐயா. இந்தக் காது மாப்பிள்ளையோடது இல்ல.”

“என்னம்மா சொல்றீங்க?”

“டச்சப் பண்ற பரணிதரனோட காது. நிஜப் படத்துல மாப்பிள்ளை காது ரெண்டும் முண்டாசுக்குள்ள இருந்துச்சு.”

“கனடாவுல எதுக்கு முண்டாசு?”

“சொல்றேன். அதுக்கு முன்னாடி உங்க இடது காதைக் கொஞ்சம் காட்டுங்க.”

ஆட்கள் ஃபிளெக்ஸைத் திரும்பத் தரையில் கிடத்தினார்கள். அப்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் தவழ்ந்து போய் மூலையில் இருந்த துரைராசுவிடம் குனிந்தான். நிமிர்ந்து நிஜ துரைராசுவைப் பார்த்தான்.

“ஐயா! ஓட்டை இருக்கு, மச்சம் இருக்கு. உங்க காதையும் மாத்திட்டாங்க!”

ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரைராசுவின் கை தன்னால் காதுக்குப் போனது.

“நீங்க பிரஸ்ஸுக்குக் குடுத்ததும் முண்டாசு கட்டின படம்தானே?” என்றாள் அனுராதா மெல்ல.

“பழைய படம்மா. அதுலதான் மூஞ்சி நல்லா இருந்துச்சு. முண்டாசை எடுத்துட்டு முடி வைக்கச் சொன்னேன்.”

“எங்க எடுத்த படம்?”

அனுராதா குனிந்து, படத்தில் அவர் மோவாய்க்கு அடியில் விரலை வைத்தாள். மூலைப் படம்தானே என்று பரணிதரன் விட்டுவைத்த கிளிப்பச்சை அங்கே அப்படியே இருந்தது.

“நாத்தங்கால்லதானே?”

“ம்… குத்தகை வயல். இவ பொறந்த வருஷம். அப்ப மில்லும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

பரணிதரனிடம் வாங்கி வந்த மூலப் படத்தோடு அனுராதா தன் போனை நீட்டினாள். சேறு தெறித்த சட்டை. முண்டாசு. மோவாயில் அதே பச்சை.

“இவர்தான் வளவன். வலங்கைமான். இவரும் குத்தகை வயல்தான். கனடா, கோட்டு, பனி எல்லாம் உங்க பொண்ணோட ஏற்பாடு.”

துரைராசுவின் முகம் கறுத்தது. மெஷின் தேவைப்படவில்லை.

“வானத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறவன் கையில குடுக்கவா உன்னை வளத்தேன்? தண்ணி வருமா, மழை கெடுத்துடுமான்னு நான் முழிச்சிருந்த ராத்திரியெல்லாம் உனக்கு என்ன தெரியும்?”

“தெரியும்ப்பா” என்றாள் செந்தாமரை. “நானும் முழிச்சுகிட்டுத்தானே படுத்திருந்தேன்? மழைச் சத்தம் கேட்டா எழுந்து வரப்புக்கு ஓடற ஆளைப் பாத்தே வளந்தவ. எனக்கு அப்படி ஒரு ஆளுதான் வேணும்.”

வாய் வரை வந்த வேடிக்கையை அப்சர் விழுங்கிக்கொண்டான்.

துரைராசுவின் போன் அடித்தது. மாப்பிள்ளை. விறைப்பாக எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். ஹோவென்று தண்ணீர் கொட்டியது.

“மாமா, நாளைக்கு எப்ப வரணும்னு கேக்கத்தான்…”

“பின்னாடி என்ன சத்தம்?”

“மோட்டார் மாமா. நாத்துக்குத் தண்ணி பாயுது.”

“நயாகராவுக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்துடுச்சு ஐயா” என்றான் அப்சர். அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“மோட்டார் எதுக்கு? வாய்க்கால் என்னாச்சு?” துரைராசு உறுமினார்.

“முறை வைக்கிறாங்க மாமா. எங்க முறை வர்றவரைக்கும் நாத்து தாங்காது.”

“என்ன நெல்லு?”

“மாப்பிள்ளைச் சம்பா மாமா.”

ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பைக் கீழே போட்டார். துரைராசு முறைத்தார். ஆனால் அடுத்த கேள்வியை அவரால் அடக்க முடியவில்லை.

“விதையை நேர்த்தி பண்ணித்தானே விட்டே?”

“ஆமா மாமா. உப்புத் தண்ணியில போட்டு, மிதந்த பதரையெல்லாம் அள்ளிட்டுத்தான்.”

“நாத்து மஞ்சளிச்சிருக்கா?”

“இல்ல மாமா. நல்ல கிளிப்பச்சை.”

துரைராசு ஃபிளெக்ஸின் மூலையைப் பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, “வெவரமான பயதான்” என்றார், யாரிடமென்று இல்லாமல். பிறகு கையை எடுத்தார். “காலையில வெள்ளனவே வந்துடு. வர்றப்ப ஒரு பிடி நாத்து கொண்டா. நான் பாக்கணும்.”

செந்தாமரை மூச்சை விட்டாள்.

“ஐயா, தூக்கலாமா வேணாமா?” என்றார் கம்பைப் பிடித்திருந்தவர்.

“சுருட்டுடா.”

செந்தாமரை விட்ட மூச்சு பாதியில் நின்றது.

“அப்பா!”

“பொறு புள்ள. அந்தக் காதுக்காரன் நம்பரைப் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தாள். மறுமுனையில் பரணிதரன் வந்தான்.

“தம்பி, மாப்பிள்ளை படத்துல இருக்கிற பனியை அள்ளு. கோட்டை உருவு. நாத்தங்காலை வை. முண்டாசு ரெண்டு பேருக்கும் திரும்ப வரணும். விடியறதுக்குள்ள புது ஃபிளெக்ஸ் என் வாசல்ல நிக்கணும்.”

“சரிங்க ஐயா. என் காது?”

“நீயே வெச்சுக்க.”

“ரொம்ப நன்றிங்க. அப்புறம் ஐயா… அந்த மோவாய்ப் பச்சை ரெண்டு பேருக்கும் இருக்கு. ஃபிளெக்ஸ்ல பாசி மாதிரி தெரியும். சிவப்பை ஏத்தி எடுத்துடவா?”

துரைராசு தன் மோவாயைத் தடவிக்கொண்டார்.

“அதுல கை வெச்சே, உன் காது உன்கிட்ட இருக்காது.”